கிழிந்த வலைகளும் கர்த்தருடைய ஊழியமும்

நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் உங்கள் அனைவருக்கும் என் அன்பின் வாழ்த்துகள். இன்றைய காரியத்துக்குள் போகும் முன்பு, என் வேதாகமத்துக்குள் பல ஆண்டுகளாக மடித்து வைத்திருக்கும் ஒரு தாளை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். கேமராவுக்குச் சற்று அருகில் பிடிக்கிறேன். மடிப்புகளில் நைந்துபோயிருப்பதால் எழுத்துகள் தெளிவாகத் தெரியாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் இருப்பவை எபிரெயருக்கு எழுதின நிருபம் 13ஆம் அதிகாரத்தின் 20, 21ஆம் வசனங்கள். வார்த்தைகளுக்கு நடுவே பென்சிலால் சின்னச் சின்னச் சாய்கோடுகள் போடப்பட்டிருப்பதைப் பாருங்கள். அவற்றை நான் போடவில்லை.

சபையில் முதன்முதலாக வேதபாகம் வாசிக்கும் பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டபோது, இந்த இரண்டு வசனங்கள்தான் வந்தன. "நித்திய உடன்படிக்கையின் இரத்தத்தினாலே" என்று தொடங்கி, மூச்சு விட இடமே கொடுக்காமல் நீண்டுகொண்டே போகும் வாக்கியம் அது. "ஏறிவரப்பண்ணின" என்ற சொல்லில் என் நாக்குப் புரண்டது. மறுபடியும் தொடங்கினேன், மறுபடியும் அதே இடத்தில் புரண்டது. பிறகு ஒரு வரியை முழுவதுமாக விட்டுவிட்டு, கைகள் நடுங்க, "ஆமென்" என்ற சொல்லுக்குத் தாவி உட்கார்ந்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவரிடம் போய், இனிமேல் இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. நன்றாகத்தான் வாசித்தாய் என்று பொய்யும் சொல்லவில்லை. தாளைக் கையில் வாங்கி, சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து, எங்கெங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கெல்லாம் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, "அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் முன்னதாக வா" என்று மட்டும் சொன்னார். அதன்பின் வாரந்தோறும் வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் நின்று வாசித்தேன். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். சொல் காதில் விழாதபோது கையை உயர்த்துவார். கையை உயர்த்தாமல் ஒரு முறை கேட்டு முடிக்க அவருக்கு எத்தனை வாரங்கள் ஆயின என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊழிய அழைப்பைப்பற்றி நாம் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்தோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. "தேவன் தகுதியுள்ளவர்களை அழைப்பதில்லை, அழைத்தவர்களையே தகுதிப்படுத்துகிறார்" என்பதுதான் அந்த வாக்கியம். பிரசங்கங்களிலும் வாழ்த்துப் படங்களிலும் அது வசனத்தைப்போல எடுத்தாளப்படுகிறது, ஆனால் வேதாகமத்தில் அப்படி ஒரு வசனம் கிடையாது. பாதி உண்மை அதில் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. எனினும் எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்ட மோசேயையும், வேதபாரகரான கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்த பவுலையும், ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பேர்சொல்லி அழைக்கப்பட்ட கைத்தொழில் வல்லவனான பெசலெயேலையும் அந்த வாக்கியத்துக்குள் எப்படி அடக்குவது? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "தகுதிப்படுத்துகிறார்" என்ற சொல்லைக் கேட்டவுடன், மேலிருந்து ஏதோ ஒரு வல்லமை சட்டென்று இறங்கி, திக்குவாயைச் சரளமாக்கிவிடும் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படி நடக்காதபோது, நமக்கு அழைப்பே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

மோசேயின் காரியத்தையே எடுத்துக்கொள்வோம். எரிகிற முட்செடியின் முன்னால் நடந்த அந்த உரையாடல் யாத்திராகமம் 3, 4ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. "நான் எம்மாத்திரம்" என்று அவன் கேட்டபோது, நீ பெரியவன், உன்னால் முடியும், உன்னைக் குறைவாக எண்ணாதே என்றெல்லாம் கர்த்தர் பதில் சொல்லவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்றார். கேள்வி மோசேயைப்பற்றியது, பதிலோ மோசேயைப்பற்றியதே அல்ல. பிறகு அவன் தன் திக்குவாயையும் மந்தநாவையும் முன்வைக்கிறான். மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று கர்த்தர் கேட்கிறார். ஆனால் அந்த வாய் அந்த இடத்திலேயே குணமாக்கப்பட்டதாக ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. கடைசியில் அவன், உமக்குச் சித்தமான யாரையாகிலும் அனுப்பும் என்று கை கழுவப் பார்க்கும்போது கர்த்தருக்குக் கோபம் மூளுகிறது. அந்தக் கோபத்தின் நடுவில் வருகிற செய்தியைக் கவனியுங்கள்: உன் சகோதரனாகிய ஆரோன் நன்றாய்ப் பேசுகிறவன், அவன் உன்னைச் சந்திக்க ஏற்கெனவே புறப்பட்டு வருகிறான் என்கிறார். மோசே சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உதவி நடந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஆரோனும் குறையற்றவன் அல்ல. பொன் கன்றுக்குட்டியை வார்ப்பித்த கை அவனுடையதுதான். 80 வயதில் பார்வோனுக்கு முன்பாகப் பேசப் பயந்த அந்த மனிதன்தான், 120 வயதில் மரிப்பதற்குச் சற்று முன்பு, "வானங்களே, செவிகொடுங்கள்" என்று தொடங்கி உபாகமம் 32ஆம் அதிகாரத்தை நிரப்புகிற அந்த நீண்ட பாட்டை, இஸ்ரவேல் சபையார் எல்லாரும் கேட்கும்படி சொல்லி முடித்தான். நடுவில் 40 ஆண்டுகள் கடந்திருந்தன.

இப்போது இந்தத் தாளில் உள்ள வசனத்துக்குத் திரும்புவோம். சமாதானத்தின் தேவன் உங்களைச் சகலவித நற்கிரியையிலும் "சீர்பொருந்தினவர்களாக்குவாராக" என்று எழுதியிருக்கிறது. அங்கே மூல கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல் கட்டார்டிட்ஸோ என்பதாகும். அதே சொல் மத்தேயு 4ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தில் மிகச் சாதாரணமான ஓரிடத்தில் வருகிறது: செபெதேயுவின் குமாரராகிய யாக்கோபும் யோவானும் படவிலே தங்கள் தகப்பனோடு உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் பரிசுத்தவான்கள் ஊழியத்தின் வேலைக்காகச் சீர்பொருந்த வேண்டும் என்று சொல்லப்படும் இடத்தில் அந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் இருக்கிறது. ஒருவன் யாதொரு குற்றத்தில் அகப்பட்டால் அவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று கலாத்தியர் 6ஆம் அதிகாரம் சொல்லும் இடத்திலும் அதே வினைதான். வலை தைப்பது, ஊழியத்துக்கு ஆயத்தமாக்குவது, விழுந்தவனைத் தூக்கி நிறுத்துவது ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

வலையைப் பழுதுபார்க்கிறவன் என்ன செய்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். அவன் அதை முதலில் கழுவி, கையில் விரித்து, கண்ணி கண்ணியாக விரல்களால் தடவி, எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுகிறான். அறுந்த நூலின் பிசிறுகளை நறுக்கிவிட்டு, பக்கத்திலுள்ள நல்ல கண்ணிகளில் புதிய நூலைக் கோர்த்து முடிச்சிடுகிறான். பழுதுபட்ட இடம் தன்னைத்தானே மூடிக்கொள்வதில்லை. அதைச் சுற்றியுள்ள நல்ல கண்ணிகள்தான் அதைப் பிடித்துக்கொள்கின்றன. முடிச்சு போட்ட இடம் வெளியே தெரியும், ஆனாலும் மறுநாள் அந்த வலை மறுபடியும் தண்ணீரில் இறங்கும். வலை கிழிந்தது என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் அது வேலை செய்ததுதான் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பெட்டிக்குள் மடித்து வைத்த வலையைப் பாறை கிழிப்பதில்லை.

பேதுருவைப்பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள் என்பதால் ஒரே ஒரு காட்சியோடு நகர்கிறேன். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் அவன் குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவைக் குறித்து, நான் அவனை அறியேன் என்று சொன்னபோது அங்கே எரிந்தது கரிநெருப்பு. யோவான் 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த இயேசு கரையில் போட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பு. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. மூன்று முறை மறுதலித்தவனிடம், அதே வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருக்க, மூன்று முறை கேள்வி கேட்கப்பட்டது. அறுந்த இடத்தில் கை வைக்காமல் தைக்க முடியாதே. அதற்குப் பின்னும் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியிருப்பதிலிருந்து பேதுரு பயந்து விலகினான், பவுல் அவனை முகமுகமாய் எதிர்க்க வேண்டியிருந்தது. தம் முதலாம் நிருபத்தின் முடிவில் தேவன் உங்களைச் "சீர்ப்படுத்தி" என்று எழுதும்போது அந்த முன்னாள் மீன்பிடிகாரர் பயன்படுத்தியிருப்பதும் வலை தைக்கும் அந்தச் சொல்லைத்தான்.

இங்கே கண்டிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். "தேவன் குறையுள்ளவர்களைத்தானே பயன்படுத்துகிறார்" என்ற உண்மையைச் சிலர் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். காணிக்கைப் பணத்தில் கணக்கு கேட்டால், பலவீனரிடத்தில் நடந்துகொண்ட விதத்தைக் கேட்டால், உடனே தாவீது விழவில்லையா என்று பதில் வருகிறது. தாவீது விழுந்தான், உண்மைதான். ஆனால் தீர்க்கதரிசியாகிய நாத்தான் வந்து நின்றபோது, கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன் என்று ஒத்துக்கொண்டான், பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்ற தீர்ப்பையும் சுமந்தான். கண்காணியானவன் குற்றஞ்சாட்டப்படாதவனாய் இருக்க வேண்டும், நூதன சீஷனாயிருக்கக் கூடாது, உதவிக்காரர் முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்றெல்லாம் 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் சொல்வது, குறையுள்ளவர்களை அழைக்கும் அதே தேவனுடைய வார்த்தைதான். திறமைக் குறைவும் பயமும் பழைய தோல்வியும் ஒரு வகை. மனந்திரும்ப மறுக்கும் பாவம் முற்றிலும் வேறு வகை. கிழிசலை ஒளித்து வைத்துக்கொண்டே வலை வீசுகிறவனுக்கு, பழுதுபார்க்கிறவரின் கை தேவைப்படவில்லை என்றுதான் பொருள்.

சபை வரலாற்றிலும் இந்தக் கலப்பு இருக்கிறது. 1761இல் பிறந்து, செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்ற வில்லியம் கேரி, 1793இல் வங்காளத்துக்கு வந்து, முதல் ஞானஸ்நானத்துக்காக 1800 டிசம்பர் வரை, ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். பல மொழிகளில் வேதாகமத்தை மொழிபெயர்க்கும் பணியை நடத்தினார். அதே மனிதருடைய மனைவி டாரதி, வர விருப்பமில்லாமல் வந்து, பிள்ளையைப் பறிகொடுத்து, மனநோயில் ஆண்டுக்கணக்கில் தவித்து, 1807இல் மரித்தார். முதல் பகுதியை மட்டும் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடும் சாட்சிகளை நான் நம்புவதில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த ஆளைப்பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் மாற்கு என்னும் யோவான். முதல் ஊழியப் பயணத்தில் பவுலோடும் பர்னபாவோடும் போனவர், பம்பிலியாவிலுள்ள பெர்கே வந்ததும் அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். காரணம் எழுதப்படவில்லை. அடுத்த பயணத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பர்னபா சொன்னபோது, வேலையை விட்டுப் போனவனை அழைத்துக்கொண்டு போவது தகாது என்று பவுல் மறுத்தார். அவர்களுக்குள் கடுங்கோபம் மூண்டு, இருவரும் பிரிந்துபோனார்கள் என்று அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரம் கூச்சமில்லாமல் பதிவு செய்கிறது. யார் சரி என்று அதை எழுதின லூக்கா தீர்ப்புச் சொல்லவில்லை. பர்னபா அந்த இளைஞரைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். இதே பர்னபாதான், எருசலேமில் சீஷர்கள் சவுல் என்னப்பட்ட பவுலைக் கண்டு பயந்து ஒதுங்கியபோது அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனவர். பின்னொரு நாளில் அவரைத் தேடித் தர்சு பட்டணம்வரை போனவரும் அவரே. பவுல் தாமே ஒரு காலத்தில் பர்னபாவின் கையில் தைக்கப்பட்ட வலை; மாற்குவின் விஷயத்தில் அதை அவர் மறந்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்தக் கப்பல் புறப்பட்ட பிறகு சீப்புருவில் நடந்ததைப்பற்றி நமக்கு ஒரு வரிகூடக் கொடுக்கப்படவில்லை. வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் வாசித்த காலம் எந்தச் சரித்திரத்திலும் எழுதப்படுவதில்லை அல்லவா? அதன்பின் பல ஆண்டுகள் கழித்து, கொலோசெயருக்கு எழுதின நிருபத்தில், மாற்கு உங்களிடத்தில் வந்தால் அங்கீகரித்துக்கொள்ளுங்கள் என்று பவுல் எழுதுகிறார். 2ஆம் நூற்றாண்டிலிருந்தே சபைப் பாரம்பரியம் இரண்டாம் சுவிசேஷத்தை மாற்குவின் பெயரோடு இணைத்துச் சொல்லி வருகிறது.

இறுதியாக, சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், எல்லாரும் விட்டுப்போய் லூக்கா மாத்திரம் உடனிருக்க, மாரிகாலம் நெருங்கிக்கொண்டிருக்க, பவுல் சில காரியங்களைக் கேட்கிறார். துரோவாவில் கார்ப்பு என்பவனிடத்தில் வைத்துவந்த மேலங்கி வேண்டும் என்கிறார். புஸ்தகங்களும், விசேஷமாய்த் தோற்சுருள்களும் வேண்டும் என்கிறார். ஆனால் அவற்றையெல்லாம் கேட்பதற்கு முன்பாகவே, "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதிவிடுகிறார்.