மூன்று முறை வந்த சல்லடை

நடுவர் அவர்களே, கோபி மக்களே, வணக்கம்.

பிள்ளை பெற்றவளின் மனத்துயருக்குப் பெருந்துணை குடும்பமா, தோழியரா? அதே துயரைத் தாண்டி வந்த தோழிதான் என்பது எங்கள் அணி. ஆனால் எதிரணி அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

"எங்கள் அம்மாயி ஏழு பெற்றாள். பெற்ற இருபதாம் நாள் மஞ்சள் வேகவைக்கக் களத்துக்குப் போனாள். அவளுக்கு எந்தத் தோழி வந்தாள்?" என்று கேட்டார். கைதட்டினீர்கள். அண்ணா, அம்மாயி போனார், சரி. அழுதாரா என்று யாராவது கேட்டீர்களா? மஞ்சள் வேகிற கொப்பரைக்குப் பக்கத்தில் எவள் கண் கலங்கினாலும் புகை என்றுதானே சொல்வோம்! இன்னொன்று. அந்தக் களத்தில் அம்மாயி தனியாகவா நின்றார்? சுற்றிலும் நின்றவர்கள் அத்தனை பேரும் பிள்ளை பெற்றவர்கள். தோழி வரவில்லை என்கிறீர்கள். அம்மாயிதான் தோழிகளைத் தேடிப் போயிருக்கிறார் அண்ணா.

எனக்குக் களம் இல்லை. மூத்தவள் பிறந்து இருபதாம் நாள், தாய்வீட்டில் ஓர் அறை. பூண்டுக் குழம்பு, லேகியம், வெந்நீர், சாம்பிராணி எல்லாம் நேரத்துக்கு வந்தன. நான் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவேன். "தங்கம் மாதிரிப் பிள்ளையை வைத்துக்கொண்டு அழலாமா கண்ணு?" என்பார் அம்மா. அன்பில் குறையே இல்லை. அந்த அன்புக்கு முன்னால் எனக்கு வாய்தான் திறக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அக்கா சல்லடை கேட்டு வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார், போய்விட்டார். மறுநாள் சல்லடையைத் திருப்பித் தர வந்தார். தொட்டிலருகே கொஞ்சம் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மறுபடியும் சல்லடை! "அப்படி என்னத்தைத்தான் தினமும் சலிக்கிறாள்?" என்று அம்மாவே கேட்டுவிட்டார்.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் அக்கா வாய் திறந்தார்.

"என் பெரியவன் பிறந்தபோது இரண்டு மாதம் அவனைத் தூக்கவே எனக்குப் பிடிக்கவில்லை அம்மிணி."

அந்தப் பெரியவன் அன்று காலைதான் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டுப் போயிருந்தான். ஆறடி உயரம். போகும்போது, "அம்மா காத்திருப்பார்" என்று சைக்கிளை மிதித்தவன்.

"அவனையா அக்கா?"

"அவனைத்தான்."

நம்ப முடியாமல் மறுபடி கேட்டேன். "அவனையா?"

"அவனையேதான் சாமி."

பிரசவத்துக்குப் பின் நான் முதன்முறையாக மூச்சை முழுதாக இழுத்து விட்டது அப்போதுதான். மறுநாள் டாக்டரிடம் என்னோடு வந்தவரும் அவர்தான். பெற்ற சில நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும், அதைத் தாண்டியும் நீடித்தால் வைத்தியம் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது என் கை அக்காவின் மடியில் இருந்தது.

இது என் ஒருத்தியின் கதை என்று எதிரணி சொல்லும். கனடாவின் ஒன்டாரியோவில் மனச்சோர்வு வரக்கூடிய நிலையில் இருந்த 701 தாய்மாரை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அந்தச் சோர்வைத் தாண்டி வந்த பெண்கள் அவர்களோடு போனில் பேசினார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வாரத்தில், பேச்சுத்துணை கிடைத்தவர்களில் 14 சதவீதம் பேரிடம் சோர்வின் அறிகுறி; கிடைக்காதவர்களில் 25 சதவீதம்.

இன்னும் கணக்குச் சொல்லலாம். ஆனால் கடைசி வரிசையில், தோளில் கைக்குழந்தையோடு நிற்கிறாயே அம்மிணி, உன்னைப் பார்த்த பிறகு எனக்குக் கணக்கு வரவில்லை. உனக்குத் தூக்கம் வராமல், காரணமே தெரியாமல் நெஞ்சு அடைத்தால், அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடு. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். இல்லையென்றால் இந்த மேடைக்குப் பின்னால் வா, நான் இருப்பேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். நாளைக் காலை நான் பவானி பஸ் ஏற வேண்டும். அங்கே ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. சல்லடை இரவல் கேட்கப் போகிறேன்.