நெத்திலிக்கும் ஒரு மன்றாட்டு

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். கொடுத்திருப்பது கொஞ்ச நேரம், வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

"தவக்காலத்தில் நம் கத்தோலிக்கப் பள்ளிகளின் வகுப்பறைச் செபத்துக்குப் புத்துயிர் கொடுப்பவர் ஆசிரியரா, மாணவரா?" மாணவரே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "பிள்ளைகளிடம் செபத்தை விட்டால், 'ஆண்டவரே, கணக்குப் பரீட்சை தள்ளிப்போகட்டும், ஆமென்' என்று முடித்துவிடுவார்கள்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன். சரி, முதலில் அதற்குப் பதில். வாதம் அப்புறம்.

அண்ணே, கணக்குப் பரீட்சைக்குப் பயந்த பிள்ளை ஆண்டவரிடம் முறையிடாமல் யாரிடம் முறையிடும்? உங்களிடமா? கேள்வித்தாள் எடுத்ததே நீங்கள்தானே!

கடற்கரைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு பள்ளி. பேர் வேண்டாம், இங்கேயே ஆள் இருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை, கறி தவிர்க்கும் நாள், ஏழாம் வகுப்பு. டீச்சர் செபப் புத்தகத்தைக் காணாமல் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "யாராவது சொந்தமா ஒரு மன்றாட்டு சொல்லுங்க மக்களே" என்றார். மூச்சு இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். கடற்கரைப் பையன்.

"ஆண்டவரே, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. யாரும் கறி திங்க மாட்டாவ, எல்லாரும் மீன் வாங்குவாவ. எங்க அப்பாக்க வலையில நல்லா நெத்திலி படணும். வெலையும் கொறையப்பிடாது."

வகுப்பே சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

உடனே முன் பெஞ்சில் ஒருவன் துள்ளி எழுந்தான். இவன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். "ஆண்டவரே, மரம் எல்லாம் இலை உதுத்துட்டு. எங்க அப்பாவுக்கு வெட்டு இல்ல. வெள்ளிக்கிழமையானா மீனுக்கு யானை வெலை சொல்லுதாவ. வெலை கொறையணும்."

அதற்கும் அதே வகுப்பு, அதே சத்தத்தில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

நடுவர் அவர்களே, டீச்சர் நிலைமையை விடுங்கள். ஆண்டவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! ஒரே வகுப்பு, ஒரே நிமிடம், ஒரே நெத்திலி. ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். அப்போது நடுவில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். இந்துப் பிள்ளை. "சாமி, மீன் நெறைய படட்டும். அப்போ வெலை கொறைஞ்சாலும் அவனுக்க அப்பாவுக்கு நஷ்டம் வராது." எம்.ஏ. பொருளாதாரம் படித்த நடுவரே தலையாட்டுகிறார், பாருங்கள்!

அண்ணே, இதை எந்த ஆசிரியர் எழுதிக்கொடுப்பார்?

எதிரணி அக்கா, இயேசுவே செபம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்தானே என்றார். சரிதான். லூக்கா 11-ஐத் திறந்து பாருங்கள். சீடர் ஒருவர் வந்து "எங்களுக்கும் கற்றுக்கொடும்" என்று கேட்ட பிறகுதான் சொல்லிக்கொடுத்தார். ஆரம்பித்தது மாணவன்! நம் கோட்டாறு சவேரியாரும், அதாவது புனித பிரான்சிஸ் சவேரியாரும், 1544-ல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: நோயாளிகள் வீட்டுக்கெல்லாம் தன்னால் போக முடியாமல், செபம் படித்த பிள்ளைகளை அனுப்பினாராம். பிள்ளைகளை நம்பித்தானே அனுப்பினார்?

இன்னொன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நம் குமரிக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முன்னால் சிலுவை பிடித்துப் போகிற பையனுக்கு, அப்பா இப்போது எந்தக் கடலில் இருக்கிறார் என்று தெரியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குப் போயிருந்தவர்களில் எத்தனையோ பேர் வரவே இல்லை. அன்று கைக்குழந்தையாக இருந்த பிள்ளைகள் இன்று நம் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை எழுந்து "எங்க அப்பாவுக்காக" என்று தொடங்கினால், வாக்கியம் முடியாது. அழுகை வந்துவிடும். கூட இருக்கிற பிள்ளைகள்தான் "கேட்டருளும்" என்று முடித்து வைப்பார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் கையிலிருக்கும் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்புவார் அண்ணே?

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பை ஆசிரியருக்கே கொடுத்தாலும் கொடுங்கள். ஆனால் அந்த ஆசிரியர் நாளைக் காலையில் புத்தகத்தைத் திறக்கும் முன், "இன்னைக்கு யாருக்காக வேண்டணும்?" என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். வணக்கம்.