யானையை வரைந்தவர் யானைக்குக் கொடுத்தது

(தருமபுரியில் ஓவிய மாணவர்களுக்கு ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். டேவிட் ஷெப்பர்டு என்ற பிரிட்டிஷ் ஓவியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யானை ஓவியங்களால் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர். யானையை வரைந்து சம்பாதித்த பணத்தில் யானைக்கும் பங்கு கொடுத்தாரே, அதற்காகத்தான் நான் அவரைக் கும்பிடுகிறேன்.

1931இல் பிறந்தவர். காட்டில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஆசையில் 1949இல் கென்யா போனார். அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. ஓட்டல் ஒன்றில் வரவேற்பாளராக இருந்து, பறவைப் படங்கள் வரைந்து விற்று ஊர் திரும்பினார். லண்டன் ஸ்லேடு ஓவியப் பள்ளியும் ‘உனக்குத் திறமை இல்லை’ என்று கதவைச் சாத்தியது. அப்புறம் ராபின் குட்வின் என்ற ஓவியர்தான் மூன்று வருடம் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் வரைந்தது விமானங்களைத்தான். 1960இல் பிரிட்டிஷ் விமானப் படை அவரைக் கென்யாவுக்கு அழைத்தது. அங்கிருந்தவர்கள் விமானப் படம் வேண்டாம், இந்த ஊர் விலங்குகளை வரையுங்கள் என்றார்கள். அவர் வாழ்க்கை அங்கே திரும்பியது. அதே பயணத்தில் வேட்டைக்காரர்கள் விஷம் கலந்த ஒரு நீர்நிலையைப் பார்த்தார். அதைச் சுற்றி 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்தன. தாகத்துக்கு வந்த உயிர்கள்! அன்றைக்கே தான் காட்டுயிர்களின் பக்கம் வந்துவிட்டதாகப் பின்னாளில் சொல்லிவந்தார்.

1973இல் ‘டைகர் ஃபயர்’ என்ற புலி ஓவியத்தின் அச்சுப்படிகளை விற்று 1,27,000 பவுண்டு திரட்டினார். இந்திரா காந்தி காலத்தில் நம் நாட்டில் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்துக்குப் போன பணம் அது. 1984இல் தன் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2017இல் இறந்தார். அறக்கட்டளை இன்றும் வேலை செய்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். வாசலில் நீங்கள் மாட்டியிருக்கும் யானைகள் எல்லாமே சாம்பல் நிறம். தளி, அஞ்செட்டி பக்கம் ராகி விளையும் காலத்தில் இறங்குகிற யானை அப்படியா இருக்கிறது? முதுகெல்லாம் செம்மண். காது ஓரத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். மதம் பிடித்த கொம்பன் என்றால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து கறுத்து வழியும் ஈரக்கோடு. யானை எந்த மண்ணில் புரள்கிறதோ அந்த மண்ணின் நிறம்தான் அதற்கு. ஆகவே மண்ணைப் பார்த்துவிட்டு வண்ணத்தைக் குழையுங்கள்.

அந்த யானைகளுக்காக 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் வரைபடத்தில் போட்ட கோடு யானைக்குத் தெரியாதே. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்தில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அன்றிலிருந்து அந்த 255 வரிக்குதிரைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாரண்டஹள்ளிதான் கண்ணில் நிற்கிறது.

இதைச் சொல்லும்போது விவசாயியை நான் திட்டப்போவதில்லை. ஆறு மாதப் பாடு ஒரே ராத்திரியில் மிதிபட்டுப் போனால் யாருக்கும் வயிறு எரியும். பனியில் பரண் மேல் விழித்திருப்பவர் அவர்தான். ஆனால் கம்பியில் நேரடியாகக் கரண்ட் விடுவது கொலை. யானையோடு மனிதரும் அதில் சாகிறார்கள். முறையாகப் போட்ட சூரிய மின்வேலி விட்டு விட்டு அதிர்ச்சி கொடுத்து விரட்டும், கொல்லாது. அதைப் போடவும் பராமரிக்கவும் பணம் வேண்டும். சேதத்துக்கு நஷ்டஈடும் தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும்.

ஷெப்பர்டு பிடிவாதமாக நின்றது இந்த இடத்தில்தான். விலங்கு அழகு என்று ரசித்தால் மட்டும் அது பிழைக்காது, களத்துக்குப் பணம் போக வேண்டும் என்றார். அதனால் ஒரு கோரிக்கை. இந்தக் கண்காட்சியில் விற்கும் படங்களின் பணத்தில் பாதியை, காட்டோரத்தில் ஒரு கிராமத்தின் வேலிப் பராமரிப்புக்குக் கொடுங்கள். எந்தக் கிராமம் என்பதை வனத்துறையிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு முடிவு செய்யலாம். முதல் படத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்.