எல்லோரும் கேட்ட அந்த ஒரே எண்

வணக்கம் நண்பர்களே. இன்று என் தலை முழுவதுமாகச் சட்டகத்துக்குள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். திரையைத் திருப்பி வைத்து, என்னை நானே பார்த்துக்கொண்டு பேசுவது எனக்கு இதுவே முதல் முறை. 2011 முதல் என்னுடன் உழைத்த நிக்கான் டி7000 கேமராவின் திரை அசையாதது. அதனால்தான் பழைய காணொளிகளில் என் நெற்றி வெட்டுப்பட்டது, 20 நிமிடத்தில் பதிவு தானாக நின்றுவிட்டது தெரியாமல் நான் பேசிக்கொண்டே இருந்ததும் அதனால்தான். இப்போது வந்திருப்பது நிக்கான் இசட்எஃப். அதன் பெருமையைப் பிறகு பாடுகிறேன். பழையதை விற்கப் புறப்பட்ட கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு எரிச்சல் அடங்காது.

விளம்பரம் கொடுத்த நாளிலிருந்து அனைவரும் கேட்டது ஒன்றே: ஷட்டர் கவுன்ட் எவ்வளவு? அதாவது, படமெடுக்கும்போது ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் ஷட்டர் எனும் திரை இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது? இந்தக் கேமராவின் ஷட்டர் 1,50,000 முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது, என்னுடையதோ 41,306-இல்தான் நிற்கிறது. அதைச் சொன்னதும் ஒருவர் நம்பவில்லை. எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் மறைந்திருக்கும் எக்ஸிஃப் எனும் குறிப்புத் தகவலில் அந்த எண்ணைக் கேமராவே எழுதிவிடுகிறது என்பதால், உடனே ஒரு படம் எடுத்துச் செய்திச் செயலியில் அனுப்பினேன். அதில் எண்ணே இல்லை, நான் அழித்துவிட்டேன் என்று அவர் குற்றம் சாட்ட, ஒரு மாலை முழுவதும் வாக்குவாதத்தில் போயிற்று. படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கி, உள்ளிருக்கும் தகவலையும் உரித்துவிடுகிறது என்பது எனக்கு நள்ளிரவில்தான் உறைத்தது. அதே படத்தைக் கோப்பாக அனுப்பியதும் எண் தெரிந்தது, அவரும் அடங்கினார். அந்த ஐந்து இலக்கங்களைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சி சற்று அதிகம்தான்.

ஆனால் அந்த எண்ணின் மீது எனக்கு மதிப்பே இல்லை. காணொளி எடுக்கும்போது ஷட்டர் திறந்தபடியே நிற்க, ஒளியைப் படமாக மாற்றும் சென்சார்தான் இடைவிடாமல் உழைக்கிறது. ஆகவே என்னைப் போல் ஆண்டுக்கணக்கில் பேசியே பதிவு செய்தவனின் கேமராவில் எண்ணிக்கை குறைவாக இருப்பதில் வியப்பில்லை. இதை நானாகவே அவரிடம் சொன்னேன். லென்ஸின் துளையை எஃப்/22 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்து, காற்றடிக்கும் ஊதுகுமிழுக்கும் அசையாமல் சென்சாரில் ஒட்டியிருக்கும் ஒற்றைத் தூசிப் புள்ளியைக் காட்டினேன். கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் உரிந்ததையும், அதை நான் இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்திருப்பதையும் மறைக்கவில்லை. அவர் எதையும் காதில் வாங்காமல், "41,000 தானே, எடுத்துக்கொள்கிறேன்" என்றார். கேட்ட விலையில் ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை!

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். என் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் உங்களுக்கு நினைவிருக்கும். அதை விற்கப்போவதில்லை என்று அவரிடம் முதலில் உறுதியாகச் சொல்லியிருந்தேன். அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது; டி7000-இன் உடலில் இருந்த மோட்டார்தான் ஒரு திருகு வழியாக அதைச் சுழற்றிக் குவித்தது. பழைய லென்ஸ்களைப் புதிய வகைக் கேமராவுடன் இணைக்கும் எஃப்டிஇசட் அடாப்டர் மூலம் அதைப் புதிய கேமராவில் பொருத்த முடியும், ஆனால் அடாப்டரிலும் மோட்டார் இல்லாததால் தானாகக் குவிக்கும் ஆட்டோஃபோகஸ் போய்விடும். இது தெரிந்தும் வாங்கும் வேளையில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இரண்டு நாள் வளையத்தைக் கையால் திருகிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் லென்ஸையும் அவருக்கே பேசி முடித்தேன். பழைய இணை பிரியாமல் போகட்டும்.

நாளைக் காலை அவர் வருகிறார். மெமரி கார்டுகளை எடுத்துவிட்டேன், சார்ஜரை வைத்துவிட்டேன், வார்ப்பட்டையை மட்டும் தரமாட்டேன்... ஐயோ, கேமரா அமைப்புகளின் காப்புரிமைப் பகுதியில் என் பெயர் இன்னும் இருக்கிறதே! அதை நீக்காமல் கொடுத்தால் அவர் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் நானே கலைஞனாகப் பதிவாவேன். சற்றுப் பொறுங்கள், பேட்டரியை எங்கே வைத்தேன் என்று பார்க்கிறேன்.