உருளியில் தொடங்கும் சாக்லேட்

வணக்கம் நேயர்களே.

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சமையலறை எட்டடிக்கு ஆறடி. அதில் இட்லிப் பானைக்கும் மிக்ஸிக்கும் நடுவே கிடைக்கிற இடத்தில்தான் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் சாக்லேட் ட்ரஃபிள் என்கிற மெத்தென்ற சாக்லேட் உருண்டைகளை உருட்டுகிறேன். பழம் வைத்த ட்ரஃபிளை வீட்டில் செய்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பழத்தை நறுக்கி உள்ளே வைத்தால் ஆயிற்று, இதற்கு ஒரு பேச்சா என்று யாராவது நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு ஜூலை மாதம். மகளுடைய தோழிக்குப் பிறந்தநாள். நீலம் மாம்பழம் வாங்கி, சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, அதைச் சுற்றிச் சாக்லேட்டை உருட்டி, மேலே இன்னொரு பூச்சும் கொடுத்தேன். ராத்திரி பத்து மணிக்குத் தட்டில் நாற்பது உருண்டையும் கடைச் சரக்கு மாதிரி மின்னின. காலையில் பார்த்தால் ஏழெட்டில் விரிசல், விரிசலில் மஞ்சள் சாறு. நல்லதாகப் பொறுக்கி அனுப்பிவைத்தேன். அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்து, "உள்ளே சிரப் வெச்சிருந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். மிச்சம் இருந்ததை டப்பாவில் மறந்துபோய், மூன்றாம் நாள் திறந்தால் பூஞ்சை பூத்திருந்தது.

என் மாமியார் பாலக்காட்டுக்காரர். டப்பாவை எட்டிப் பார்த்தார். "பழத்தைப் பச்சையா உள்ளே அடைச்சா, அது பின்னே என்ன பண்ணும்?" என்றார். அவ்வளவுதான். ஆனால் விஷயம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நூறு கிராம் மாம்பழத்தில் எண்பது கிராமுக்கு மேல் தண்ணீர். ஸ்ட்ராபெரியில் தொண்ணூறுக்கு மேல். சாக்லேட்டிலோ தண்ணீர் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அது கொழுப்பும் சர்க்கரையும் கோகோத் தூளும் சேர்ந்த உலர்ந்த பண்டம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழத்தின் நீர் சும்மா இருக்காது. சாக்லேட்டில் உள்ள சர்க்கரையைக் கரைக்கும், மேல் பூச்சைப் பிளக்கும், பூஞ்சைக்கு விருந்து வைக்கும். பழ ட்ரஃபிள் செய்வதென்றால் முதல் வேலை அந்தத் தண்ணீரை வெளியேற்றுவது. அதை நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்த பிறகுதான் சக்கவரட்டி என்ற ஒன்றைப் பார்த்தேன். பலாச்சுளையை வேகவைத்து மசித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து வெண்கல உருளியில் மணிக்கணக்காகக் கிளறி, கறுத்துத் திரண்டு வரும்போது இறக்குவார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும். இங்கே கொங்கணக் கரையில் அதே வேலையை வெயில் செய்கிறது. மாம்பழச் சாற்றைத் தட்டில் ஊற்றிக் காயவைத்து ஆம்பா போளி என்று சுருட்டி விற்கிறார்கள். பலாவிலும் அப்படி ஒரு போளி உண்டு. தீயோ வெயிலோ, பழத்தைச் சுண்டவைப்பது ஒன்றுதான்.

அந்த ஜூலைக்குப் பிறகு நான் மாம்பழத்தையும் உருளிக்குக் கொண்டுபோனேன். கணக்கு சொல்கிறேன், பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். நார் இல்லாத மாம்பழக் கூழ் 300 கிராம். சர்க்கரை 60 கிராம். எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். ஸ்ட்ராபெரி என்றால் நீர் அதிகம், புளிப்பும் அதிகம், அதனால் சர்க்கரை 90 கிராம். அடி கனமான அகலப் பாத்திரத்தில் நடுத்தரத் தீயில் வையுங்கள். முதலில் சாதாரணமாகக் கொதிக்கும். கொஞ்ச நேரத்தில் கெட்டிப்பட்டு "பொத்து, பொத்து" என்று தெறிக்கும். மணிக்கட்டில் பட்டால் நெய் தெறித்த மாதிரிச் சுடும், நீளமான கரண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது தீயைக் குறைத்து, கை விடாமல் கிளற வேண்டும். பிறகு சத்தமே மாறும். தெறிப்பது நின்று, கரண்டி போகிற வழியில் பாத்திரத்தின் அடி தெரியும். இரண்டு விநாடி கழித்துத்தான் மூடிக்கொள்ளும். ஒரு சொட்டை ஆறிய தட்டில் வைத்துச் சாய்த்தால் ஓடக் கூடாது.

பதம் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் தராசை நம்பலாம். வெறும் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 150 கிராமாக இறங்கியதும் அடுப்பை அணைக்கலாம். கடை ஜாமுக்கு நூற்றுக்கு 65 பங்காவது கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. நாம் அதையும் தாண்டிப் போகிறோம், ஏனென்றால் இது உருட்ட வர வேண்டும். ஆறியதும் ஐந்து ஐந்து கிராமாக, சின்ன நெல்லிக்காய்க்கும் சிறியதாக உருட்டி, நெய் தடவிய தட்டில் வைத்து ஃப்ரீசரில் தள்ளிவிடுங்கள். முப்பது உருண்டை வரும்.

அடுத்தது சாக்லேட். கடையில் இரண்டு ஜாதி கிடைக்கிறது. ஒன்றில் கோகோ வெண்ணெய், அதாவது கோகோக் கொட்டையின் சொந்தக் கொழுப்பு, இருக்கும். இன்னொன்றில் அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, அதற்குக் காம்பவுண்ட் என்று பெயர். கிராஃபர்ட் மார்க்கெட்டில் கேக் சாமான் விற்கிற கடைகளில் இரண்டும் அருகருகே அடுக்கியிருக்கும், உறையும் ஒரே மாதிரி இருக்கும். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். உள்ளே போகிற கலவைக்குக் கோகோ வெண்ணெய் உள்ள நிஜச் சாக்லேட்தான் வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாம்பழத்துக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து சதவீதக் கோகோ போதும். எழுபது என்றால் மாம்பழம் இருந்த இடமே தெரியாது. ஸ்ட்ராபெரி எவ்வளவு கசப்பையும் தாங்கும். வெள்ளைச் சாக்லேட்டும் மாம்பழமும் சேர்ந்தால் சிலருக்கு உயிர். எனக்கு இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடும்.

நிஜச் சாக்லேட் 200 கிராம், பெட்டியில் வருகிற ஃப்ரெஷ் கிரீம் 100 கிராம். சாக்லேட்டைப் பாசிப்பருப்பு அளவுக்குப் பொடிப்பொடியாகச் சீவிக்கொள்ளுங்கள். கிரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி அதன் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாதீர்கள். பிறகு நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்க ஆரம்பித்து வெளியே வாருங்கள். இதைத்தான் கனாஷ் என்கிறார்கள். எண்ணெய் பிரிந்து திரிந்த மாதிரி ஆகிவிட்டால் கொட்டிவிட வேண்டாம், வெதுவெதுப்பான பால் ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கினால் பெரும்பாலும் கூடிவரும்.

இங்கே ஒரு கேள்வி வரும். சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே கட்டிதட்டிப் போகும் என்கிறார்கள், கிரீமில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே, அது மட்டும் எப்படிச் சேர்கிறது? அரிசி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு சொட்டுத் தெளித்தால் மாவு கட்டி கட்டியாகும். தாராளமாக ஊற்றினால் கரைந்து தோசை மாவாகும். சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் அப்படித்தான். கொஞ்சம் நீர் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், போதுமான நீர் இருந்தால் நன்றாகக் கலந்துவிடும். அதனால் ஆபத்து எல்லாம் அந்த நாலு சொட்டில்தான்: ஈரக் கரண்டி, மூடியிலிருந்து விழும் ஆவி நீர், பக்கத்து அடுப்பில் திறக்கிற இட்லிப் பானை. சாக்லேட் உருக்குகிற நாளில் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது.

கனாஷ் ஆறி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்ததும் பத்துக் கிராம் எடுத்துத் தட்டி, நடுவில் உறைந்த பழ உருண்டையை வைத்து, கொழுக்கட்டைக்குப் பூரணம் மூடுவது போல மூடி உருட்டுங்கள். கொழுக்கட்டை செய்யத் தெரிந்த கை என்றால் பாதி வேலை தெரியும். மீதிப் பாதி கைச்சூடு. எனக்குச் சூட்டுக் கை, மூன்றாவது உருண்டைக்குள் உள்ளங்கை முழுக்கச் சேறு. மாமியாருக்குக் கை எப்போதும் ஜில்லென்று இருக்கும், முப்பதையும் உருட்டிவிட்டு விரலை மட்டும் துடைத்துக்கொள்வார். என்னைப் போன்றவர்கள் குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்து, ஈரம் போக நன்றாகத் துடைத்து, கோகோத் தூளைத் தொட்டுக்கொண்டு உருட்ட வேண்டும்.

உருட்டியதைக் கோகோத் தூளில் புரட்டினால் அதோடு முடிந்தது. ட்ரஃபிள் என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஐரோப்பாவில் மண்ணுக்கடியில் விளைகிற ட்ரஃபிள் காளான், தோண்டி எடுக்கும்போது கோணல்மாணலாக, மண் ஒட்டிக்கொண்டு இருக்கும். இந்த உருண்டையும் பார்க்க அப்படி இருக்கிறது. அதனால் கோணலாக வந்ததே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

கடித்தால் "டக்" என்று உடைகிற பளபளப்பான ஓடு வேண்டும் என்றால் கொஞ்சம் பாடுபட வேண்டும். நெய்யைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நெய், மெல்ல ஆறினால் மணல் மணலாக உறையும், ஃப்ரிட்ஜில் வைத்தால் வழவழவென்று இறுகும். கோகோ வெண்ணெய் இன்னும் பிடிவாதம், ஆறு விதமாக உறையக் கூடியது. அதில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பும் உடைகிற சத்தமும் தருவது. அதை வரவழைக்க ஒரு வழி: பூச்சுக்கென்று தனியாக எடுத்த 200 கிராம் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரி செல்சியஸ் வரை உருக்குங்கள். மிச்சத்தைப் பொடித்துப் போட்டு, கறுப்புச் சாக்லேட் 31, 32 டிகிரிக்கு இறங்கும்வரை கலக்கிக்கொண்டே இருங்கள். பால் சாக்லேட் என்றால் 29, 30. போட்ட பொடியில் ஏற்கெனவே நல்ல விதத்தில் உறைந்த கொழுப்பு இருக்கிறது. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, மற்றதும் அதைப் பார்த்து உறையும். வெப்பமானி இல்லாதவர்கள் சுத்தமான ஸ்பூனில் துளி எடுத்து, கீழுதட்டுக்கு அடியில் வைத்துப் பார்க்கலாம். லேசாகக் குளிர்ந்தால் சரி. அந்த ஸ்பூனை மறுபடி உள்ளே போடாதீர்கள்.

இப்போது பம்பாய் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல விதத்தில் உறைந்த கோகோ வெண்ணெய் உருகுவது சுமார் 34 டிகிரியில். மே மாதத்தில் நம் சமையலறை எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதத்தில் மேல் பூச்சுக்கு மட்டும் காம்பவுண்ட் வைப்பதில் எனக்கு வெட்கம் இல்லை, ஏசி இல்லாத வீட்டில் அதுதான் நடக்கும். இரண்டு ஜாதியையும் ஒரே கிண்ணத்தில் கலந்துவிடாதீர்கள். கலந்தால் சரியாக இறுகாது, நாளடைவில் சாம்பல் பூத்துவிடும்.

மழைக்காலம் வேறு தொல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறந்தால் உருண்டை மேல் வியர்க்கும். அந்த நீரில் சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். டப்பாவை மூடியபடியே ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஒரு முறை சரியாக மூடாமல் வைத்து, பெருங்காய வாசனையோடு ட்ரஃபிள் சாப்பிட்டோம். கிரீம் சேர்ந்த பண்டம், ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பழத்துக்குக் காலம் உண்டு. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரி குளிர்காலத்தில், அல்போன்ஸா ஏப்ரல், மே. ஸ்ட்ராபெரி வருகிற சமயத்தில்தான் பம்பாய் கொஞ்சம் குளிரும், ஆகவே புதிதாகச் செய்கிறவர்கள் ஜனவரியில் ஸ்ட்ராபெரியோடு ஆரம்பியுங்கள். மாம்பழத்தை மே மாதமே சுண்டவைத்து ஃப்ரீசரில் போட்டுவைத்தால் தீபாவளிக்கு ஆகும். சாக்லேட்டும் பழத்திலிருந்து வருகிறதுதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் கோகோ வளர்கிறது. காயை உடைத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாக, புளிப்பும் இனிப்புமாகச் சதை இருக்கும். அதோடு சேர்த்துக் கொட்டையைச் சில நாள் புளிக்கவைத்தால்தான் பிறகு வறுக்கும்போது சாக்லேட் மணம் வரும்.

போன தீபாவளிக்கு மாமியாரின் சக்கவரட்டியையே உள்ளே வைத்துப் பார்த்தேன். அதற்குக் கிளறுவது, தராசு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாட்டிலிலிருந்து எடுத்து உருட்டினேன். வெல்லமும் பலாவும் கறுப்புச் சாக்லேட்டோடு அப்படிப் பொருந்தின. நாத்தனார் முலுண்டில் இருக்கிறாள். எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, நாலு சுற்றுச் செய்தித்தாள் சுற்றி, மத்தியான ஸ்லோ லோக்கல் ரயிலில் எடுத்துப் போனேன். அரை மணி நேரத்தில் ஒன்றுகூட அசையவில்லை. அவள் இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மாமியாருக்கும் ஒன்று கொடுத்தேன். நிதானமாக மென்றார். "உள்ளே இருக்கறது நன்னா இருக்கு," என்றார். "வெளியிலே எதுக்கு இந்தக் கசப்பு?"

நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.