ரெண்டு வீட்டுப் பிள்ளை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சூப்பர்ஹீரோவை ஸ்டூடியோக்கள் பங்கு போட்டுக்கொள்வது ரசிகனுக்கு லாபமா, நஷ்டமா? நாங்கள் லாபம் என்ற அணி.

ஸ்பைடர்மேனைப் பெற்றது காமிக்ஸ் கம்பெனி மார்வெல்; பட உரிமை வைத்திருப்பது சோனி ஸ்டூடியோ. எதிரணி அம்மா ஒரு போடு போட்டார்: "ஸ்பைடர்மேன் ரெண்டு வீட்டுப் பிள்ளை. அங்கே சாப்பிட்டிருப்பான் என்று மார்வெலும், இங்கே சாப்பிட்டிருப்பான் என்று சோனியும் விட்டுவிட, பிள்ளை பட்டினி!" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அம்மா, பட்டினி கிடந்தது பெற்ற வீடு! 1996-ல் திவால் மனு போட்டது மார்வெல். 1999-ல் பிள்ளை சோனியிடம் போனான். 2002-ல் முதல் படமே 80 கோடி டாலரைத் தாண்டியது. அப்புறம் சோனியின் சமையல் அலுத்துப்போக, 2015 பிப்ரவரியில் ஒப்பந்தம்: காசு போட்டுச் சாமான் சோனி வாங்கும், படத்தை மார்வெல் ஆக்கிப் போடும். பிள்ளை வருகிறான் என்றதும், 2017 ஜூலையில் வர இருந்த மார்வெலின் இன்னொரு ஹீரோ தோர் நவம்பருக்கு நகர்ந்தார். சுத்தியல் வைத்திருக்கிற கடவுளே இடம் விடுகிறார். நம் பஸ்ஸில் யாராவது விடுகிறோமா?

2019 ஆகஸ்ட். மார்வெலின் முதலாளி டிஸ்னி பங்கைக் கூட்டிக் கேட்க, சோனி மறுக்க, ஒப்பந்தம் முறிந்தது. நடித்த பையன் டாம் ஹாலண்ட், அப்போதைய டிஸ்னி தலைவர் பாப் ஐகருக்கு "இதுவரை தந்ததற்கு நன்றி" என்று இமெயில் போட்டான். சண்டை போடவில்லை நடுவர் அவர்களே, நன்றி சொன்னான்! சில நாள் கழித்துக் குடும்பத்தோடு பப்பில் இருக்கிறான். தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தால், ஐகர்! பையனோ மூன்றாவது கிளாஸ் பீரில். அதைவிட முக்கியம், சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா, நீங்கள் சொன்ன பட்டினி அந்த ஒரு ராத்திரிதான்!

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். கோடிக்கணக்கில் கணக்குப் பார்க்கிற முதலாளி அந்தப் பக்கம். மூணு கிளாஸ் பீரும் வெறும் வயிறுமாக இந்தப் பக்கம் நம்ம ஸ்பைடர்மேன். வக்கீல் இல்லை, மேனேஜர் இல்லை. என்ன பேசினான்? அழுதான்! இதைப் பிறகு அவனே டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னான். செப்டம்பர் 27, ஒப்பந்தம் மறுபடி உயிரோடு வந்தது. எந்த ஷரத்து அதைச் சாதித்தது என்று எதிரணி தேடட்டும். நான் அந்த அழுகையைத்தான் நம்புகிறேன்.

மணி அடிக்கிறது, ஒரு நிமிஷம். 2014 படத்தில் உயரத்திலிருந்து விழுந்த காதலியைப் பிடிக்க முடியாமல் நின்றான் ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் ஸ்பைடர்மேன். அந்த வரிசை அதோடு நின்றது. ஏழு வருஷம். 2021-ல் ரெண்டு வீடும் சேர்ந்து எடுத்த படத்தில், மூன்று பட வரிசைகளின் ஸ்பைடர்மேன்களும் ஒன்றாக நிற்க, இன்னொருவன் காதலி அதேபோல விழுகிறாள். இந்த முறை ஆண்ட்ரூ பிடித்துவிட்டான். "ஒன்றும் ஆகலையே?" என்று கேட்கிறாள் பெண். பிடித்தவனுக்குத்தான் கண் கலங்குகிறது.

என் பக்கத்து சீட்டில் கல்லூரிப் பையன் ஒருவன், பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான் நடுவர் அவர்களே. அவனிடம் போய்க் கேளுங்கள், லாபமா நஷ்டமா என்று.