மூன்றரை மணிக்கே எழுதப்பட்ட ஆறு மணி

நேயர்களுக்கு வணக்கம். கடலுணவு பதப்படுத்தும் ஆலைகளில் நடக்கும் விதிமீறல் என்றதும் வழுக்கும் தரையும் ஈ மொய்க்கும் கூடையும்தான் நம் நினைவுக்கு வரும். அவற்றை ஆய்வாளர் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவார். நான் பேச வந்திருப்பது மேசைமேல் கிடக்கும் ஒரு நோட்டைப் பற்றி.

தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருந்தபோது ஓர் ஆலையின் வெப்பநிலைப் பதிவேட்டைப் புரட்டினேன். இறால் தொட்டியில் மணிக்கொரு முறை வெப்பமானியைச் செருகிப் பார்த்து எழுத வேண்டிய ஏடு அது. காலை எட்டு மணிக்கு இரண்டு டிகிரி, ஒன்பதுக்கும் இரண்டு, அப்படியே மாலை ஆறு வரை இரண்டு. எல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில். நான் பார்த்தபோது மணி மூன்றரை. ஈரக் கையோடு எழுதும் ஏட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்க் கறைகூட இல்லை.

இறாலுக்கே இப்படியென்றால் சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் நிலைமை இன்னும் மோசம். ஐஸ் குறைந்தால் அவற்றின் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற பொருளைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன; பிறகு உறைய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போவதில்லை. உண்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரிக்கும். ஒரே சரக்கில் ஒரு மீனில் மிகுந்தும் அடுத்ததில் இல்லாமலும் இருக்கும் என்பதால், நாலைந்து மீன்களை ஆய்வகத்துக்கு அனுப்பி நிம்மதியடைய முடியாது. பிடித்த நேரம் முதல் எவ்வளவு குளிரில் இருந்தது என்ற கணக்குத்தான் நம்பகமானது.

1997 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த கடலுணவு ஹெச்ஏசிசிபி விதிகள், அதாவது உணவு கெடக்கூடிய கட்டங்களை முன்பே கண்டறிந்து கண்காணிக்கச் சொல்லும் விதிகள், அளவைப் பார்த்த அதே நேரத்தில் எழுத வேண்டும் என்றும், உறைந்த சரக்குக்கான ஏடுகளை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அதே 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறைகளைக் காட்டி இந்தியக் கடலுணவு இறக்குமதிக்குத் தடை விதித்ததை இத்தொழிலில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்று என் வெப்பமானியை அந்தத் தொட்டியில் செருகினேன், பதினொன்று காட்டியது. ஐஸ் வண்டி வரத் தாமதமாகிவிட்டது என்றார் மேற்பார்வையாளர். பொய்யில்லை, வண்டி அப்போதுதான் வந்து நின்றது. ஒரு மணிக்கே அந்த உண்மையை எழுதியிருந்தால், அந்த ஒரு தொட்டியை மட்டும் ஒதுக்கியிருக்கலாம். ஏட்டை நம்ப முடியாமல் போனதால் அன்றைய சரக்கு முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.